யூதாசு நாற்காலி காஸ்பர்

ராவ் சாகிப் மரியானந்தம் அவர்களின் படத்தை எங்கள் கோயில் வாசலறையில் மாட்டியிருக்கிறார்கள். பெரிய கண்ணாடிச் சட்டம். தலைப்பாகை, கோட்டு, மார்பில் கிறிஸ்து இராசா சங்கத்துப் பதக்கம். அடியில் தங்க எழுத்தில் 'தேவ இராச்சியத்தின் ஊழியர்' என்று எழுதியிருக்கிறது. மனிதர் இன்னும் குத்துக்கல் மாதிரி உயிரோடுதான் இருக்கிறார். செத்த பிறகு மாட்டினால் அவரால் பார்க்க முடியாது அல்லவா, அதனால் இப்போதே மாட்டிவிட்டார்கள்.

காஸ்பருக்குப் படம் கிடையாது. போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு ஐப்பசி மழையில், அவர் செத்துப்போனார். அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. "டீச்சரம்மா, சங்கத்து மலருக்கு ராவ் சாகிப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று காகிதமும் அவர்களே கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் டோரதி. சாந்தோமில் கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக நாலாம் வகுப்புக்குப் பாடமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் நீளம் என்று எங்கள் கோயில் பங்கில் எல்லாரும் சொல்வார்கள். நீளம்தான், யார் இல்லை என்றது?

காஸ்பர் கச்சேரி ரோட்டுப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். அதாவது புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றிக் கட்டுகிற ஆள். டாக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று "காஸ்பர்!" என்று கூப்பிடுவார். மற்றதெல்லாம் காஸ்பர் பாடு. மயிலாப்பூரில் கொசுவுக்குப் பஞ்சமில்லை, அதனால் யானைக்காலுக்கும் பஞ்சமில்லை. காலை ஏழு மணிக்கே வீங்கிய கால்கள் பெஞ்சியில் வரிசை கட்டிவிடும். காஸ்பர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் தன் மடியில் தூக்கி வைத்து, பர்மாங்கனேட் கலந்த சிவப்புத் தண்ணீரால் மடிப்பு மடிப்பாகக் கழுவி, துடைத்து, போரிக் பவுடர் போடுவார். ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

நான் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மாடவீதி ஸ்ரீனிவாசராகவன், கோர்ட்டு குமாஸ்தா, முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். "காஸ்பர், ஆத்துல யாருக்கும் தெரியாது. வெளியில மூச்சு விட்டுடப்படாது" என்று கெஞ்சினார்.

"எனுக்கு மூஞ்சியே ஞாபகம் கீறதில்லிங்க. காலுதான் ஞாபகம் கீது. நாளைக்கி ரோட்ல பாத்தா நீங்க யாரோ நான் யாரோ" என்றார் காஸ்பர்.

நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். காஸ்பர் சொல்லவில்லை.

இப்போது நாற்காலிக் கதைக்கு வருகிறேன். உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழக்கிழமை சாயங்காலம், பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துப் பங்குச்சாமியார் காலைக் கழுவுவார். சேசுநாதர் தம் அப்போஸ்தலர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு. அதில் எங்கள் ஆட்கள் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிட்டார்கள். நாற்காலி முதுகில் சுண்ணாம்புக் கட்டியால் அப்போஸ்தலர் பெயரை எழுதிவைப்பார்கள். முதல் நாற்காலி பேதுரு. கடைசி நாற்காலியில் பெயர் எழுதமாட்டார்கள். எழுதாமலே எல்லாருக்கும் தெரியும், அது காட்டிக்கொடுத்த யூதாசு. அதில் உட்கார்ந்தவன் அடுத்த பாஸ்காவுக்குள் சீரழிந்துபோவான் என்று எந்தக் காலத்திலோ எவனோ கொளுத்திப் போட்டிருக்கிறான். "அப்படி ஒரு நாற்காலியே கிடையாது" என்று கோவாவிலிருந்து வந்த எங்கள் கிழட்டுப் பங்குச்சாமியார் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். சர்வேசுரனை நம்புகிறவர்கள் நாற்காலியையும் நம்பினார்கள்.

மற்ற பதினோரு நாற்காலிக்கு அடிதடிதான். அதற்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோயிலில் பெயர் வாசிப்பதற்குள் எத்தனை சிபாரிசு! பெயர் வந்துவிட்டால் நாவிதரைக் கூப்பிட்டு நகம் வெட்டுவதென்ன, குதிகாலைக் கல்லால் தேய்ப்பதென்ன, வாசனை சோப்பென்ன. சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாது பாருங்கள், அதனால் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு கழுவிக்கொள்ள வருவார்கள். சட்டப்படி வலது கால் மட்டும்தான் நீட்டவேண்டும். இடது காலில் பூட்ஸ் அப்படியே இருக்கலாம். சாமியார் மூன்று சொட்டு விடுவார், துண்டால் ஒற்றுவார், அடுத்த ஆளுக்கு நகர்வார். பன்னிரண்டு காலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுப்பார்கள்.

இருபத்து நாலாம் வருஷம் கடைசி நாற்காலிக்கு ஒரு அப்பாவியை ஏமாற்றி அழைத்து வந்திருந்தார்கள். உட்காரப் போகிற நேரத்தில் யாரோ காதில் ஓதிவிட, அவன் போட்டிருந்த வெள்ளை அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனான். சாமியார் சொம்பும் கையுமாக நிற்கிறார். ஒருத்தரும் அசையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த காஸ்பர் எழுந்து வந்தார். வேட்டியை ஒரு உதறு உதறிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற கால், வெளுத்துச் சுருங்கியிருந்தது. அன்றையிலிருந்து அவர் யூதாசு காஸ்பர். வருஷா வருஷம் அந்த நாற்காலி அவருக்கே வந்தது.

அவருடைய மனைவி வெரோனிகா அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளை பண்ணினாள். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சந்து, அதனால் காதில் விழாமல் இருக்காது.

"இன்னாய்யா, கோயில்ல அவ்ளோ ஆம்பளைங்க கீறாங்க, உனுக்குன்னு அந்த நாற்காலிதான் கெடச்சுதா? ஊரே சிரிச்சிகினு கீது!"

"சாமி எவ்ளோ நேரம்தான் சொம்ப வச்சிகினு நிப்பாரு, நீயே சொல்லு. அவருக்கு முட்டி வலிமே" என்றார் காஸ்பர்.

கேட்டீர்களா பதிலை? ஊர் பேசுகிற சாபம், தோஷம் ஒன்றும் அந்த ஆள் மண்டையில் ஏறவில்லை. முட்டி வலிதான் ஏறியது.

கல்யாணமாகிப் பத்து வருஷமாக அவர்களுக்குக் குழந்தை இல்லை. போன வாரம் உட்கார்ந்த நாற்காலிதான் அதற்குக் காரணம் என்று எங்கள் பெண்கள் கண்டுபிடித்தார்கள். யூதாசுக்குக் கொடுத்த ரொட்டியை வெரோனிகாவே தொடமாட்டாள். காஸ்பர் அதை மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார். ஜட்கா ஓட்டுகிற மெஹபூப் அலி, காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர், அதை டீயில் தோய்த்துத் தின்பார். "யார் பேர்ல குடுத்தா இன்னா காஸ்பரு, ரொட்டி ரொட்டிதானே?" என்பாராம். எங்கள் பங்கில் ஒருவருக்கும் எட்டாத விஷயம் ஜட்காக்காரருக்கு எட்டியது.

இருபத்தேழாம் வருஷம் ராவ் சாகிப் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் பென்ஷன் வாங்கிய சிரஸ்தார், அதாவது சர்க்கார் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. கிறிஸ்து இராசா திருநாளை உலகம் முழுக்கக் கொண்டாடச் சொல்லி ரோமாபுரியிலிருந்து கட்டளை வந்த புதிது. நீலப்பட்டை, பதக்கம், கொடி எல்லாம் வந்தன. ஞாயிறு சாயங்காலம்தோறும் தேவ இராச்சியம் பற்றிச் சொற்பொழிவு. அந்த இராச்சியத்தில் யார் மந்திரி, யார் சேனாதிபதி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேதுரு நாற்காலியும் அவருக்கே நிரந்தரம் ஆயிற்று. பங்கில் யார் யார் பாஸ்கா காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை என்கிற திவ்விய அப்பம் வாங்கவில்லை என்று சங்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் பெயரோடு செத்தால் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த நிலத்தில் குழி கிடையாது. சுவருக்கு வெளியே, பன்றி மேய்கிற இடத்தில்தான் புதைப்பார்கள்.

அந்தப் பட்டியலில் பவுல்சாமி பெயர் ஏறிய கதையைச் சொல்கிறேன். பவுல்சாமி தையற்காரர். அப்போஸ்தலர்கள் போட்டுக்கொள்கிற பன்னிரண்டு வெள்ளை அங்கியும் அவர் தைத்தவை. சல்லிக்காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார். அவருக்கு இரண்டு காலிலும் யானைக்கால். ஞாயிறுதோறும் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து கோயிலே அதிரப் பாடுவார். இருபத்தொன்பதில் ஒரு திருநாளன்று பெரிய மனிதர்கள் நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ராவ் சாகிப் குனிந்து, "பவுல்சாமி, இன்றைக்கு மட்டும் வாசல் பக்கம் போய் உட்கார். வந்திருப்பவர்களுக்கு நாற்றம் தாங்கவில்லை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பவுல்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போனவர் அங்கே உட்காரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு வருஷம் கோயில் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் சங்கத்தில் ராவ் சாகிப் பேசிய தலைப்பு, 'தேவ இராச்சியத்தின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?' எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்தார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

முப்பதாம் வருஷத்திலிருந்து காஸ்பர் சனிக்கிழமை சாயங்காலம்தோறும் கையில் ஒரு பையோடு ராவ் சாகிப் பங்களாவுக்குப் பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார். யாருக்காவது விஷயம் தெரியுமா என்றால் தெரியாது. ஆனால் விஷயம் தெரியாவிட்டால் பேசக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? "பட்டியலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறான். ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் அங்கே போய் ஓதுகிறான். பெயருக்கு ஏற்ற வேலை" என்றார்கள். என்றார்கள் என்ன, முதலில் சொன்னவளே நான்தான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைத் தெருவில் பார்த்தால் "யூதாசு, யூதாசு, எத்தனை வெள்ளி?" என்று கத்துவார்கள். நான் காது கேளாதவள் மாதிரி நடந்துபோவேன்.

முப்பத்தாறாம் வருஷம் மாசியில் பவுல்சாமிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் கெட்டுப்போய்விட்டது, ஆவணி வரைக்கும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காஸ்பர் தினமும் ஆஸ்பத்திரி விட்டு நேரே அங்கே போய்க் காலைக் கழுவிக் கட்டுவார். பவுல்சாமி இப்படியே செத்தால் சுவருக்கு வெளியேதான். அந்த ஒரு கவலை காஸ்பரைப் பிடித்துக்கொண்டது. சாமியாரை வீட்டுக்கே கூட்டிவருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். பவுல்சாமி எகிறினார்.

"இன்னாடா காஸ்பரு, பூட்டிகினு ஊட்டுக்குள்ள நன்மை வாங்க நான் இன்னா களவாணியா? எந்த எடத்துல எழுந்து போன்னாங்களோ அந்த எடத்துல என்னிய உக்கார வைக்கட்டும். இல்லாங்காட்டி பன்னி மேயிற எடமே எனுக்குத் தாவலை."

காஸ்பர் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"பவுலண்ணே, என் நாற்காலில உக்காரு. பெரிய வியாழக்கெழமை."

"யூதாசு நாற்காலிலயா?"

"அது ஒண்ணுதாண்ணே எழுந்திரின்னு ஒருத்தனும் சொல்லாத நாற்காலி. ஒருத்தனுக்கும் அது வாணாம். நான் பன்னெண்டு வருசமா உக்காந்துகினு கீறேன், ஒரு தொந்தரவும் இல்ல."

பவுல்சாமி சிரித்தார். மூச்சு முட்டி இருமுகிற வரைக்கும் சிரித்தார். பிறகு சரி என்றார். இதையெல்லாம் அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

பெரிய வியாழக்கிழமை வந்தது. பங்குனி வெயில், கோயிலுக்குள் காற்றே இல்லை. நான் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் இருந்தேன். பதினோரு பேரும் அங்கி போட்டு, வலது பூட்ஸைக் கழற்றிவிட்டு, வாசனையோடு உட்கார்ந்திருந்தார்கள். மெஹபூப் அலியின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. அவரும் காஸ்பரும் ஆளுக்கொரு பக்கம் பவுல்சாமியைத் தாங்கி இறக்கினார்கள். மெஹபூப் அலி வாசலோடு நின்றுகொண்டார். பவுல்சாமி தான் தைத்த அங்கியைத் தானே போட்டுக்கொண்டு, அந்தக் கால்களை இழுத்து இழுத்து, கோயிலின் நீளம் முழுக்க நடந்தார். எங்கள் வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. என் கைக்குட்டையும் போயிற்று. அவர் போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

ராவ் சாகிப் பேதுரு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"யாருடைய அனுமதி இது? வாசித்த பெயர்களில் காஸ்பர் என்றல்லவா இருக்கிறது?"

"என் நாற்காலிதானேங்க ஐயா. நான் அண்ணனுக்குக் குடுத்துட்டேன்" என்றார் காஸ்பர்.

ராவ் சாகிப் சபையின் பக்கம் திரும்பினார். சொற்பொழிவுக் குரல் வந்துவிட்டது. "அப்போஸ்தலர்களின் வரிசையில் வைக்கக்கூடிய காலா இது? நீங்களே சொல்லுங்கள். பலிபீடத்துக்கு முன்னால் காட்டுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டாமா? இந்த மாதிரிக் காலை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதுதான் மரியாதை!"

காஸ்பர் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, தரையைப் பார்த்தபடி, தணிந்த குரலில் சொன்னார்: "ஐயா, ரொம்ப நேரம் நிக்காதீங்க. உங்களுக்குத்தான் கஷ்டம். உக்காருங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புண் கட்டுகிற ஆள் ராவ் சாகிப்பை மிரட்டுவதா! அப்படித்தான் எல்லாரும் நினைத்தோம். ராவ் சாகிப்பின் முகத்தில் ரத்தமே இல்லை. கோபம் என்று நினைத்தோம்.  கழற்றி வைத்த பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலும் ஒரு கால் பூட்ஸுமாகப் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

பேதுரு போனால் மற்றவர்கள் இருப்பார்களா? அந்திரேயா எழுந்தார். யாகப்பர் எழுந்தார். அருளப்பர் பூட்ஸைத் தேடிக்கொண்டு குனிந்து குனிந்து போனார். பதினோரு அப்போஸ்தலர்களும் ஒற்றைப் பூட்ஸோடு நொண்டிக்கொண்டே வெளியேறினார்கள். வாசலில் நின்ற மெஹபூப் அலி, "இன்னாங்க, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? எல்லாரும் ஒத்தக் கால்ல போறாங்க?" என்று கேட்டது கோயிலுக்குள் நன்றாகக் கேட்டது. சேசுநாதரின் கடைசி இராவிருந்தில் யூதாசு எழுந்து போனதாகத்தான் நான் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். எங்கள் கோயிலில் யூதாசைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள்.

அப்போதுதான் சாமியார் சொம்போடு வந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, நிழல்தான் தெரியும். முதல் நாற்காலியைத் தடவினார். காலி. அடுத்ததைத் தடவினார். "எங்கே? எங்கே எல்லாரும்?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு நாற்காலியாகத் தடவிக்கொண்டு கடைசி வரைக்கும் வந்தார்.

"ஒருத்தர் கீறார் சாமி" என்றார் காஸ்பர்.

கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். வழக்கம்போல மூன்று சொட்டு விட்டார். துண்டால் ஒற்றப் போனவரின் கை நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய பாதத்தை அவர் தொட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. "எப்படி? இது எப்படிச் செய்வது?" என்று கேட்டார். குருப்பட்டம் வாங்கி நாற்பது வருஷமாகப் பாதம் கழுவிய கை அது.

காஸ்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் உட்கார்கிற அதே குத்துக்கால். வாளியில் சிவப்புத் தண்ணீர் தயாராகக் கொண்டுவந்திருந்தார். சாமியாரின் கையைப் பிடித்துப் பாதத்தின் மேல் வைத்தார்.

"இந்த மடிப்புக்குள்ள விரல உடுங்க சாமி. மெல்ல. அயுத்தாதீங்க, தோலு கீய்ஞ்சிடும். இப்ப தண்ணி ஊத்துங்க. இன்னும் ஊத்துங்க, போதாது. வெரலு இடுக்குல தொடைங்க. அங்க ஈரம் நிக்கக்கூடாது, நின்னா புண்ணாய்டும். அவ்ளோதான். சோக்கா வருது."

 எங்கள் பங்கில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு கால் கழுவப்பட்டது. வலது கால் முடிந்து காஸ்பர் துணி சுற்றிய பிறகு சாமியார் மற்றக் காலுக்குக் கையை நீட்டினார். "சட்டத்தில் ஒரு கால்தான் சாமி" என்று கோயில்பிள்ளை ஞாபகப்படுத்தினார். "அதையும் கொண்டுவா" என்றார் கிழவர். பவுல்சாமி குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். அழுதுகொண்டே, "தண்ணி ஜில்லுனு கீது சாமி" என்றார்.

பதினோரு நாற்காலி காலியாகக் கிடந்தது. கோயில் நிறைய ஆண்கள் இருந்தார்கள். ஒருத்தன் போய் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. பெண்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று சட்டம் இருக்கிறது. நல்ல வேளை, எனக்குச் சாக்குச் சொல்ல ஒரு சட்டம் இருந்தது.

பாஸ்கா ஞாயிறன்று பவுல்சாமி முன்வரிசையில் உட்கார்ந்து நன்மை வாங்கினார். பாட்டு வரவில்லை, மூச்சு இல்லை, வாயை மட்டும் அசைத்தார். ஆடியில் செத்தார். மந்திரித்த நிலத்தில், மகிழமரத்தடியில் குழி கிடைத்தது. காஸ்பர் நினைத்தது நடந்துவிட்டது. "பார்த்தீர்களா, அந்த நாற்காலியில் உட்கார்ந்தான், வருஷம் திரும்பவில்லை" என்றார்கள் எங்கள் பக்திமான்கள். மறுவருஷம் கிழட்டுச் சாமியாரை மாற்றிவிட்டார்கள். வந்த புதுச்சாமியார் சங்கத்தின் யோசனையைக் கேட்டு, பதினோரு நாற்காலியே போதும் என்று தீர்மானம் செய்தார். பன்னிரண்டாவது நாற்காலி பூசை உடுப்பு வைக்கிற அறையில் மூலைக்குப் போயிற்று.

அதற்குப் பிறகும் காஸ்பர் சனிக்கிழமைதோறும் பங்களாப் பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒருநாள் சந்தில் மறித்தேன்.

"காஸ்பர், உங்களுக்கு வெட்கம் மானம் கிடையாதா? அத்தனை பேர் முன்னால பவுல்சாமிய அவமானப்படுத்தின ஆள் வீட்டுக்குக் கோள் சொல்லப் போறீங்களே?"

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். "மழ வர்ற மாதிரி கீது டீச்சரம்மா. கொடை எடுத்துகினு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன ஐப்பசியில் யாருடைய புண்ணையோ கழுவும்போது ஊசி விரலில் குத்தி, கை வீங்கி, சீழ் உடம்பெல்லாம் ஏறி, ஆறே நாளில் செத்தார். அடக்கத்துக்கு ஆஸ்பத்திரி பெஞ்சியே எழுந்து வந்தது மாதிரி நொண்டிக் கால்கள் வந்தன. ஸ்ரீனிவாசராகவன் முக்காடு இல்லாமல் வந்து நின்றார். ராவ் சாகிப் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

நாற்பது நாள் கழிந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெரோனிகாவைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கையில் காஸ்பரின் பை. என்னைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கட்டுத்துணிச் சுருள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்கடி போறே?"

மழுப்பிப் பார்த்தாள். என்னிடமா? ஐந்து நிமிஷத்தில் உடைந்துவிட்டாள்.

"ராவ் சாகிப் ஊட்டுக்குத்தான் டீச்சரம்மா. எட்டு வருசமா அந்தாளுக்கு எடது கால்ல யானக்காலு. அதுக்குத்தான் வெயில்லகூட காலொறயும் பூட்சும் போட்டுகினு திரியறாரு. இவுருதான் சனிக்கெழமையானா போயி கயுவிக் கட்டிகினு வருவாரு. பவுலண்ணன அந்த வெரட்டு வெரட்டுனாரே, அதுக்குத்தான் ஆண்டவரு குடுத்தாருன்னு நான் சொன்னேன். 'அடப் போமே, கொசு கடிச்சுது, அவ்ளோதான்'னாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரிய வியாழக்கிழமை. ஐயா, ரொம்ப நேரம் நிக்காதீங்க, உங்களுக்குத்தான் கஷ்டம். வீங்கின காலில் நிற்கிற ஆளைப் பார்த்து டிரஸ்ஸர் சொன்ன வார்த்தை அது, வேறு ஒன்றுமில்லை.

"சாவறதுக்கு மொத நாளு என் கையப் புடிச்சிகினு சொன்னாரு, 'வெரோனி, சனிக்கெழம மறந்துடாத. இடுக்குல ஈரம் நின்னா பாவம், புண்ணாய்டும்'னு. நான் மாட்டவே மாட்டேன்னேன். கஸ்மாலம், நாறிப் போவட்டும்னேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா பண்றது, போய்க்கினுதான் கீறேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சரம்மா. அவுரு வாயத் தொறக்கல, நாமளும் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

செபமாலையைக் கையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

எட்டு வருஷம் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கோயிலில் "அந்த இடது பூட்ஸைக் கழற்றுங்க ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ராவ் சாகிப்பின் இராச்சியம் அந்த நிமிஷமே கவிழ்ந்திருக்கும். சொல்லவில்லை. நான் முதல் ஆளாகக் கிளப்பிவிட்ட பழியையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். அந்தப் படத்தைக் கடந்து கோயிலுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சத்தியம் செய்த பிறகு ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு இந்தக் காகிதம் வந்தது, எழுதிவிட்டேன். மலரில் போடமாட்டார்கள், ஆனால் படிப்பார்கள். படித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

யூதாசு என்ற பெயரைச் சுமந்தவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டாவது நாற்காலி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. வருகிற பெரிய வியாழக்கிழமை அதைத் தூசி தட்டி வெளியே போடச் சொல்லுங்கள். பெண்களுக்கு இடமில்லை என்ற சட்டத்தை என் ஒருத்திக்காக மாற்றிக்கொள்ளட்டும், நான் வந்து உட்காருகிறேன்.